காடும் கிராமமும்: குமாவுன் வன பஞ்சாயத்துக்களின் வரலாறு பற்றிச் சில சிந்தனைகள்

1

வனவள முகாமைத்துவத்தில் மக்கள் பங்குபற்றல் என்னும் தொடர் கடந்த சில தசாப்தங்களாக அரசாங்க அறிக்கைகளிலும் சர்வதேசக் கடனுதவி நிறுவனங்களின் ஆவணங்களிலும் இடையறாது ஒலித்து வருகின்றது. காட்டைக் காப்பதற்குக் காட்டோரத்து மக்களின் ஒத்துழைப்பு வேண்டும் என்பதை இன்று மறுப்பார் எவருமிலர். எனினும் இத்தொடரின் சொல்லமைப்பிலேயே நாம் மனங்கொள்ள வேண்டிய ஓர் உண்மை பொதிந்து கிடக்கின்றது. பிறர் வீட்டுத் திருமணத்திலேதான் ஒருவர் பங்குபற்றுகின்றார். தம் வீட்டுத் திருமணத்தை அவர் நடத்துகின்றார். கிராமவாசிகள் காட்டைப் பேணுவதில் பங்குபற்றுமாறு அழைக்கப்படுகின்றனர் என்றால், அக்காடு ஏற்கெனவே வேறொருவருடைய உடைமையாகி விட்டது என்பதே அதன் பொருள். அவ்வுடைமை எப்பொழுது, எவ்வாறு, எவர் நலனுக்காகக் கைமாறிற்று என்ற வினாவை எழுப்பாது பங்குபற்றல் பற்றிப் பேசுவது வரலாற்றை மறந்து பேசுவதாகும்.

இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு இமயமலைச் சாரலிலுள்ள குமாவுன், கார்வால் பிரதேசங்களின் வரலாறு பெரிதும் துணை செய்கின்றது. இன்று இந்தியாவின் உத்தராகண்ட் மாநிலமாக விளங்கும் இப்பிரதேசத்திலே, 1931ஆம் ஆண்டு முதல் வன பஞ்சாயத்து என்னும் கிராம நிறுவனம் சட்டபூர்வமாக இயங்கி வருகின்றது. சமுதாய வனவியல் பற்றி உலகம் பேசத் தொடங்குவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே தோன்றிய நிறுவனம் இது. அதனை ஆட்சியாளரின் நல்லெண்ணத்தின் விளைவாகச் சித்திரிப்போர் உளர். அது போராட்டத்தின் விளைவாகக் கிடைத்த ஒரு சமரசம் என்பதையும், அச்சமரசத்தின் வலிமையும் வரையறையும் எவை என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

விடயத்துள் நுழையுமுன் ஐரோப்பிய வரலாற்றின் ஒரு சிறு நிகழ்ச்சியை நினைவுகூர்வது பொருத்தமாகும். 1842ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியிலே, இருபத்துநான்கு வயது இளைஞராக இருந்த கார்ல் மார்க்ஸ், தாம் ஆசிரியராகப் பணியாற்றிய ரைன்லாந்துப் பத்திரிகையில் விறகுத் திருட்டுச் சட்டம் பற்றிய கட்டுரைத் தொடரொன்றை எழுதினார். மரத்திலிருந்து தானே உதிர்ந்து கிடக்கும் சுள்ளிகளை ஏழைகள் பொறுக்குவது தொன்றுதொட்ட வழக்கம். அதனைத் திருட்டுக் குற்றமாக்குவதற்கு ரைன் மாகாண மன்றம் முனைந்தது. காட்டுச் சொந்தக்காரரின் தனிநலன் சட்டத்தின் குரலாக எவ்வாறு மாறுகின்றது என்பதை மார்க்ஸ் அக்கட்டுரைகளிலே துலக்கினார். பொருளாதார வினாக்களின்பால் தம்மை முதன்முதல் திருப்பியவற்றுள் இவ்விவாதமும் ஒன்றென அவர் 1859இல் எழுதிய முன்னுரையொன்றிற் குறிப்பிட்டுள்ளார்.

இந்நிகழ்ச்சி வெறும் ஒப்புமைக்காக இங்கு கூறப்படவில்லை. இந்தியாவின் முதலாவது தலைமை வன அதிகாரியாக 1864இல் நியமிக்கப்பட்ட டீட்ரிச் பிராண்டிஸ் அதே ரைன் நதிக்கரையிலுள்ள பொன் நகரிற் பிறந்தவர். மரத்தை விளைபொருளாகவும் காட்டைக் கணக்கிடத்தக்க மூலதனமாகவும் நோக்கும் ஜேர்மானிய வனவியல் அவர் வழியாகவும் அவருக்குப் பின்வந்தோர் வழியாகவும் இந்தியாவிலே வேரூன்றிற்று. சுள்ளி பொறுக்குவோரைக் குற்றவாளிகளாக்கிய சமூகச் செயன்முறை கடல் கடந்து வந்தபொழுது, குற்றவாளிகளாக்கப்பட்டோர் முழுக் கிராமங்களாகவே இருந்தனர்.

3

குமாவுனையும் கார்வாலின் கிழக்குப் பகுதியையும் பிரித்தானியர் 1815ஆம் ஆண்டு கூர்க்கரிடமிருந்து கைப்பற்றினர். கார்வாலின் எஞ்சிய பகுதி டெஹ்ரி என்னும் சுதேச சமஸ்தானமாயிற்று. மலைச்சரிவுகளிற் படிக்கட்டுகளாக அமைந்த வயல்களே இப்பிரதேச மக்களின் வாழ்வாதாரம். இவ்வயல்கள் தனித்து நிற்பனவல்ல. பாஞ் எனப்படும் ஓக் மரத்தின் தழை கால்நடைகளுக்கு உணவாகின்றது. அதன் உதிர்ந்த இலை தொழுவத்திலே பரப்பப்பட்டு, சாணத்துடன் சேர்ந்து எருவாகி, மீண்டும் வயலைச் சென்றடைகின்றது. விறகும், வீட்டுக்கு வேண்டிய மரமும், ஏருக்கும் நுகத்துக்கும் வேண்டிய தடியும், மருந்து மூலிகைகளும் காட்டிலிருந்தே கிடைத்தன. ஓக் காடுகளுள்ள சரிவுகளிலே ஊற்றுக்கள் வற்றுவதில்லை என்பதை மலைமக்கள் அநுபவத்தால் அறிந்திருந்தனர். சுருங்கக் கூறின், காடு இவ்வேளாண்மையின் புறச்சூழலன்று. அதன் உற்பத்திச் சாதனங்களுள் ஒன்று. இவ்வுண்மையை மறந்தால் பின்னர் நிகழ்ந்தவை எவையும் விளங்கமாட்டா.

எனினும் பழைமையைப் பொற்காலமாக நாம் வருணித்தல் ஆகாது. மலை இராச்சியங்களின் மன்னர்கள் வரிகளும் கட்டாய ஊழியமும் அறவிட்டனர். சில்ப்கார் எனப் பின்னர் அழைக்கப்பட்ட கைவினைச் சாதியினர் நிலவுரிமையின்றித் தீண்டாமைக் கொடுமைக்கு ஆளாயினர். கிராமக் காட்டின் பயன் அனைவருக்கும் ஒரே அளவிற் கிடைத்தது என்று கொள்வதற்கில்லை. ஆயினும் மரத்தை விற்பனைச் சரக்காக்கித் தொலைதூரச் சந்தைக்கு அனுப்பும் உறவுகள் மலையகத்தில் அக்காலத்திலே வலுப்பெற்றிருக்கவில்லை என்பது அடிப்படையான வேறுபாடாகும்.

பிரித்தானிய ஆட்சியின் தொடக்க காலத்தில், 1823ஆம் ஆண்டு, ஆணையாளர் டிரெயில் என்பவர் மேற்கொண்ட நில ஏற்பாட்டிலே ஒவ்வொரு கிராமத்துக்கும் எல்லை குறிக்கப்பட்டது. விக்கிரம ஆண்டு 1880இல் நிகழ்ந்தமையால் இதனை ‘அஸ்ஸி சால்’ எல்லை என மக்கள் அழைப்பர். எண்பதாம் ஆண்டு எல்லை என்பது இதன் பொருள். இவ்வெல்லைகள் வயல்களை மட்டுமன்றிச் சுற்றியிருந்த காடுகளையும் மேய்ச்சல் நிலங்களையும் உள்ளடக்கின. அரசு இதனை நிர்வாக வசதிக்கான குறிப்பென்று கருதிற்று. மக்களோ தம் உரிமைக்கான சான்றென்று கொண்டனர். ஒரே ஆவணத்தை இரு தரப்பினரும் இருவேறு வகையாக வாசித்தனர். நூறாண்டு கழிந்த பின்னரும் மக்கள் தம் வழக்கை இவ்வெல்லையின் பேரிலேயே முன்வைத்தனர் என்பது அவதானிக்கத் தக்கது.

4

நிலைமை மாறியது புகையிரதப் பாதையினால். 1853இல் இந்தியாவில் முதற் புகையிரதம் ஓடிற்று. அடுத்து வந்த தசாப்தங்களிலே தண்டவாளங்கள் நாடெங்கும் பரவின. ஒரு மைல் நீளப் பாதைக்கு இரண்டாயிரம் அளவிலான சிலிப்பர்க் கட்டைகள் தேவைப்பட்டன. பதப்படுத்தாமலே நீண்டகாலம் தாக்குப்பிடிக்கக்கூடிய மரங்கள் தேக்கு, சாலம், தேவதாரு ஆகிய மூன்றுமே. இமயச் சரிவிலே தேவதாருவும், அடிவாரத்திலே சாலமும் செழித்திருந்தன. டெஹ்ரி சமஸ்தானத்துக் காடுகளை வில்சன் என்னும் ஆங்கிலேயர் குத்தகைக்கு எடுத்துத் தேவதாரு மரங்களை வெட்டிப் பாகீரதியாற்றிலே மிதக்கவிட்டுச் சமவெளிக்கு அனுப்பினார். அவர் சேர்த்த பெருஞ்செல்வம் பற்றிய கதைகள் இன்றும் அம்மலைகளில் வழங்குகின்றன.

புகையிரதப் பாதையின் தேவையை ஈடுசெய்வதற்கே 1864இல் வனத் திணைக்களம் தோற்றுவிக்கப்பட்டது. 1865இல் முதலாவது வனச்சட்டமும், அதன் குறைகளை நீக்குவதற்கென 1878இல் விரிவான சட்டமும் இயற்றப்பட்டன. இரண்டாவது சட்டத்தின் தயாரிப்பின்போது ஆட்சியாளரிடையே நிகழ்ந்த விவாதம் கவனத்துக்குரியது. மக்களின் காட்டுரிமைகள் யாவும் அரசன் அளித்த சலுகைகளே என்றும், அரசு அவற்றைத் திரும்பப் பெறலாம் என்றும் பேடன் பவல் முதலியோர் வாதிட்டனர். பிராண்டிஸ், அரசுக் காடுகளோடு கிராமக் காடுகளும் இணையாக வளர்க்கப்பட வேண்டும் என்ற இடைநிலைக் கருத்தைக் கொண்டிருந்தார். சென்னை மாகாண வருவாய்ச் சபையோ, காடுகள் கிராமங்களின் எல்லைக்குள் அடங்கியவை என்றும், மக்களின் வழக்குரிமைகள் உண்மையான சொத்துரிமைகளே என்றும் கூறி அச்சட்டத்தை எதிர்த்தது. பூனா சார்வஜனிக சபையும் எதிர்ப்புத் தெரிவித்தது. இறுதியில் முதலாவது தரப்பினரின் நிலைப்பாடே வென்றது. சென்னை மாகாணம் 1882இல் தனிச்சட்டம் இயற்றிக்கொண்டதெனினும், சில ஆண்டுகளுக்குள் அங்கும் ஒதுக்குக் காடுகள் விரிந்தன.

1878ஆம் ஆண்டுச் சட்டம் காடுகளை ஒதுக்குக் காடு, பாதுகாக்கப்பட்ட காடு, கிராமக் காடு என மூவகைப்படுத்திற்று. மூன்றாவது வகை பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றுவிட்டது. சட்டம் கிராமத்தை மறந்துவிடவில்லை. அதற்கு ஓர் இடம் குறித்துவைத்து, அவ்விடத்தை வெறுமையாக விட்டது. பங்குபற்றல் பற்றிய பிற்காலப் பேச்சுக்கு இது முன்னோடி எனலாம்.

5

குமாவுனிலே இச்செயன்முறை படிப்படியாக நிகழ்ந்தது. 1893ஆம் ஆண்டு, அளவிடப்பட்ட வயல் நிலம் தவிர்ந்த தரிசுநிலம் அனைத்தும் மாவட்டப் பாதுகாப்புக் காடு எனப் பிரகடனப்படுத்தப்பட்டது. 1911க்கும் 1917க்குமிடையில் அதன் பெரும்பகுதி, ஏறக்குறைய 3,000 சதுர மைல், ஒதுக்குக் காடாக்கப்பட்டது. இக்காலத்திலே தேவதாருவுக்குரிய இடத்தைச் சீர் எனப்படும் பைன் மரம் பெற்றது. இரசாயனங்கொண்டு பதப்படுத்திச் சீர் மரத்தையும் சிலிப்பர்களாகப் பயன்படுத்தலாம் என்பது கண்டறியப்பட்டிருந்தது. மேலும் அம்மரத்தின் பிசினிலிருந்து தேர்ப்பந்தைலமும் ரோசினமும் வடித்தெடுக்கப்பட்டன. இவ்வாறாகச் சீர் மரம் இலாபம் தரும் மரமாயிற்று. தழையும் எருவும் தரும் ஓக் மரம் திணைக்களத்தின் பார்வையிலே பயனற்றதாயிற்று. ஒரு மரத்தின் பெறுமதி அதன் இயல்பிலிருந்தன்று, அதனைக் கையாளும் வர்க்கத்தின் நலனிலிருந்தே நிர்ணயமாகின்றது என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

ஒதுக்குக் காட்டினுள் தழை வெட்டுதலும் மேய்த்தலும் கட்டுப்படுத்தப்பட்டன. எத்தனை கால்நடைகள், எவ்வளவு மரம், எந்தப் பருவம் என்பன யாவும் விதிகளால் வரையறுக்கப்பட்டன. யாவற்றுக்கும் மேலாகத் தீயிடுதல் தடைசெய்யப்பட்டது. சீர்க் காட்டின் தரையிலே உதிர்ந்த ஊசியிலைகள் தடித்துப் படிந்து புல்லை முளைக்கவிடா. கோடைக்கு முன் அவற்றைக் கொளுத்தி, மழையோடு புதுப்புல் தழைக்கச் செய்வது மலைமக்களின் நெடுங்கால வழக்கம். பிசின் எடுப்பதற்கும் இளங்கன்றுகள் வளர்வதற்கும் தீ பகையாதலால் திணைக்களம் அதனைக் குற்றமாக்கிற்று. ஒரே காட்டிலே புல்லும் பிசினும் எதிரெதிரே நின்றன. இதனை அறிவுக்கும் அறியாமைக்குமிடையேயான மோதல் என்று வனத்துறையினர் எழுதினர். உண்மையில் இது இருவகை உற்பத்தி முறைகளுக்கிடையேயான மோதலாகும்.

இதனோடு மற்றொரு சுமையும் சேர்ந்தது. பயணஞ் செய்யும் அதிகாரிகளின் மூட்டைகளைக் கூலியின்றியோ அற்ப கூலிக்கோ சுமக்கவும், அவர்களுக்கு உணவுப்பொருள் வழங்கவும் கிராமவாசிகள் கட்டாயப்படுத்தப்பட்டனர். கூலி பேகார் என்று அழைக்கப்பட்ட இவ்வூழியம் வனத் திணைக்களத்தின் விரிவோடு மேலும் கடுமையாயிற்று.

6

1916இல் குமாவுன் பரிஷத் என்னும் அமைப்பு உருவாகிற்று. தொடக்கத்திலே கற்ற மத்தியதர வகுப்பினரின் மனுக்கொடுக்கும் சபையாகவே அது இருந்தது. முதலாம் உலகப்போர் முடிந்து ஆயிரக்கணக்கான மலைப்போர்வீரர் ஊர் திரும்பிய சூழலிலே அதன் குரல் மாறிற்று. 1921ஆம் ஆண்டு ஜனவரியில், சரயூ நதிக்கரையிலுள்ள பாகேஷ்வரில் உத்தராயணித் திருவிழாவுக்காகத் திரண்ட மக்கள், பத்ரி தத் பாண்டே முதலியோரின் தலைமையில் இனிக் கட்டாய ஊழியஞ் செய்வதில்லை எனச் சபதம் செய்தனர். ஊழியத்துக்குரியோரின் பெயர் பதிந்த கிராமப் பதிவேடுகள் ஆற்றிலே வீசப்பட்டன. தைத் திங்களின் பிறப்பை ஒட்டி நிகழும் சமயவிழா அரசியற் களமாகிய இந்நிகழ்ச்சி, வெகுசனப் பண்பாட்டு வடிவங்களின் ஆற்றலை ஆராய்வோர் கருத்துட் கொள்ளவேண்டிய ஒன்று.

அதே ஆண்டுக் கோடையிலே குமாவுனின் சீர்க் காடுகள் தீப்பற்றி எரிந்தன. வறண்ட பருவத்தின் விபத்தென்று மட்டும் அதனைத் தள்ளிவிட முடியாது. திட்டமிட்டே பல இடங்களிலே தீ வைக்கப்பட்டது. எரிந்தவை பெரும்பாலும் வணிகத்துக்குரிய சீர்க் காடுகளே. கிராமங்களுக்குப் பயன்தரும் அகலிலைக் காடுகள் பெரும்பாலும் தப்பின. தீயை வைத்த கை எதை எரிக்கவேண்டும், எதை விடவேண்டும் என்று அறிந்திருந்தது. ஆய்வாளர் ராமச்சந்திர குஹா 1989இல் வெளியிட்ட நூலில் இவ்வேறுபாட்டைச் சுட்டிக்காட்டியுள்ளார். கண்மூடித்தனமான அழிவு என்று அரசு வருணித்த செயலினுள் தெளிவான வர்க்க நோக்கு இருந்தது என்பதே இதிலிருந்து நாம் பெறும் முடிபு.

அரசு பின்வாங்கியது. ஆணையாளர் விண்டம் தலைமையில் குமாவுன் வனக் குறைபாடுகள் குழு 1921இல் நியமிக்கப்பட்டது. அக்குழு 5,000க்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தது. மக்களின் வழக்கை விளக்கி கோவிந்த வல்லப பந்த் 1922இல் ஆங்கிலச் சிறுநூலொன்றை வெளியிட்டார். குழுவின் பரிந்துரைப்படி ஒதுக்குக் காடுகள் இரு வகுப்புக்களாகப் பிரிக்கப்பட்டன. வணிகப் பெறுமதி குறைந்த முதலாம் வகுப்பு வருவாய்த்துறையிடம் மாற்றப்பட்டு, மக்களின் பயன்பாட்டுக்குத் திறந்துவிடப்பட்டது. வணிகப் பெறுமதி மிக்க இரண்டாம் வகுப்பு வனத் திணைக்களத்திடமே தங்கிற்று. கிராமங்கள் தாமே பேணும் காடுகள் வேண்டும் என்ற கருத்தும் இக்காலத்திலேயே உருப்பெற்றது. அதன் விளைவே 1931ஆம் ஆண்டு வெளியான குமாவுன் பஞ்சாயத்து வன விதிகள்.

அண்டையிலிருந்த டெஹ்ரி சமஸ்தானத்திலே இத்தகைய விட்டுக்கொடுப்பு எதுவும் நிகழவில்லை. புதிய வன எல்லைகளை எதிர்த்து 1930ஆம் ஆண்டு மே 30ஆந் திகதி யமுனைக்கரையிலுள்ள திலாரியில் கூடிய மக்கள்மீது சமஸ்தானப் படையினர் துப்பாக்கிப் பிரயோகஞ் செய்தனர். இறந்தோர் தொகை குறித்து இன்றும் ஒத்த கருத்தில்லை. ஒரு மலைத்தொடரின் இரு பக்கங்களிலும் ஒரே கோரிக்கைக்கு இருவேறு விடைகள் கிடைத்தன. ஆட்சியாளரின் கருணைப் பண்பு இவ்வேறுபாட்டுக்குக் காரணமன்று. 1921இல் எரிந்த காடுகளின் நினைவே குமாவுன் ஆட்சியாளரை இறங்கிவரச் செய்தது.

7

வன பஞ்சாயத்தின் அமைப்பு எளிமையானது. கிராமவாசிகள் விண்ணப்பிக்க, மாவட்ட நிர்வாகம் கிராம எல்லைக்குட்பட்ட காட்டின் ஒரு பகுதியை வரையறுத்து ஒப்படைக்கும். ஊரார் பஞ்சர்களைத் தெரிவு செய்வர். அவர்கள் தம்முள் ஒருவரைத் தலைவராக, சர்பஞ்சாக, ஆக்குவர். எந்த மாதத்தில் எந்தச் சரிவைப் புல்வெட்டுக்குத் திறப்பது, வீட்டுக்கு எத்தனை பேர் அரிவாளுடன் செல்லலாம், வீடு கட்டுவோருக்கு எத்தனை மரம் என்பனவற்றைப் பஞ்சாயத்துத் தீர்மானிக்கும். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தானியமோ பணமோ திரட்டிக் காவலாளி ஒருவருக்குக் கூலி கொடுக்கும். விதி மீறியோரிடம் சிறுதொகை தண்டம் அறவிடும். அத்துமீறிய கால்நடைகளைப் பிடித்துக் கட்டும். காட்டை அழித்து வயலாக்கவோ நிலத்தை விற்கவோ அதற்கு அதிகாரமில்லை.

இந்நிறுவனத்தின் சாதனையை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. அருண் அகர்வால் 2005இல் வெளியிட்ட ஆய்விலே ஒரு முரணை எடுத்துக்காட்டுகின்றார்: 1921இல் காட்டை எரித்த கிராமங்களின் பிற்சந்ததியினர் அதே காட்டைக் காவல் காப்போராயினர். ஆட்சி நுட்பங்கள் மக்களின் மனப்பாங்கையே மாற்றியமைத்த கதையாக அவர் இதனைக் காண்கின்றார். எமது நோக்கு சற்று வேறுபட்டது. எரித்தவர்கள் தமதல்லாததாக்கப்பட்ட காட்டையே எரித்தனர். காத்தவர்கள் ஓரளவேனும் தமதாகிய காட்டையே காத்தனர். மனப்பாங்கின் மாற்றத்துக்கு அடிப்படையாக உடைமை உறவின் மாற்றம் அமைந்திருந்தது.

அதே வேளையில் இச்சமரசத்தின் வரையறைகளையும் நோக்குதல் வேண்டும். முதலாவது, இலாபந் தரும் காடு திணைக்களத்திடமும், இலாபங் குறைந்த காடு மக்களிடமும் இருக்கும் என்ற பாகுபாடே இதன் அடித்தளம். பஞ்சாயத்துக் காட்டிலும் பிசின் விற்பனை போன்றவை திணைக்களத்தின் மேற்பார்வைக்கு உட்பட்டன. பராமரிப்பு கிராமத்தின் கடமை. வணிகம் அரசின் உரிமை. இரண்டாவது, பஞ்சாயத்துக்களிலே நிலமுடைய மேற்சாதி ஆண்களே ஆதிக்கஞ் செலுத்தினர். சொந்தப் புன்செய் உடையவன் காடு மூடப்பட்ட மாதங்களில் தன் வரப்பிலே புல் அறுக்கலாம். அந்த வாய்ப்பற்ற சில்ப்கார் குடும்பத்துக்குக் காடு மூடப்படுதல் அடுப்பு அணைதலுக்கு ஒப்பாகும். விதி எல்லோருக்கும் ஒன்றாயினும் அதன் சுமை எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவில்லை.

மூன்றாவது பெண்கள் பற்றியது. ஆண்கள் தொழில் தேடிச் சமவெளிக்கும் இராணுவத்துக்கும் சென்றுவிடும் இம்மலைகளிலே, விறகும் தழையும் நீரும் சுமப்போர் பெண்களே. காட்டைப் பற்றிய நாளாந்த அறிவும் அவர்களிடமே இருந்தது. ஆயினும் பஞ்சாயத்திலே அவர்களுக்கு நெடுங்காலம் இடமிருக்கவில்லை. 1980ஆம் ஆண்டு சமோலி மாவட்டத்திலுள்ள டுங்ரி பைந்தோலி என்னும் ஊரிலே இம்முரண்பாடு வெளிப்படையாக வெடித்தது. வீதி, பாடசாலை, மின்சாரம் முதலியவற்றுக்கு ஈடாக ஊரின் ஓக் காட்டைத் தோட்டப்பயிர்த் திணைக்களத்துக்கு விட்டுக்கொடுக்க ஆண்களைக் கொண்ட கிராமசபை உடன்பட்டது. அவ்வூர்ப் பெண்கள் தம் கணவரையும் அதிகாரிகளையும் ஒருங்கே எதிர்த்து நின்று காட்டைக் காத்தனர். சமுதாயம் என்ற சொல்லை ஒருமையிற் பயன்படுத்தும் ஆய்வாளர்கள் இந்நிகழ்ச்சியை மறத்தலாகாது. ‘கிராமம் சம்மதித்தது’ என்று கோப்பிலே எழுதப்பட்டபொழுது கிராமத்தின் ஒரு பாதியிடம் எவரும் கேட்கவில்லை.

8

சுதந்திரம் கிடைத்தும் வனக்கொள்கையின் அடிப்படை மாறவில்லை. ஒப்பந்தக்காரர் வழியே மரம் ஏலம்விடப்படும் முறை தொடர்ந்தது. 1962ஆம் ஆண்டு இந்திய-சீனப் போருக்குப் பின்னர் எல்லைப்புற வீதிகள் பெருகவே முன்பு எட்டாதிருந்த காடுகளும் கோடரிக்கு எட்டின. 1970 ஜூலையில் அலக்நந்தா பெருக்கெடுத்துப் பேரழிவை விளைத்தது. 1973இல் மண்டல் என்னும் ஊர்க்காட்டிலே, ஏரும் நுகமும் செய்வதற்கு மக்கள் கேட்ட சாம்பல்மரம் மறுக்கப்பட்டு, சமவெளியிலுள்ள விளையாட்டுப் பொருள் கொம்பனி ஒன்றுக்கு வழங்கப்பட்டது. சண்டி பிரசாத் பட்டும் தசோலி கிராம சுயராச்சிய சங்கத்தினரும் மரங்களைத் தழுவி நின்று காப்போம் என அறிவித்தனர். 1974 மார்ச் 26இல் ரெணி என்னும் ஊரிலே, நட்டஈட்டுத் தொகை பெற ஆண்கள் வெளியூர் சென்றிருந்தவேளை, கௌரா தேவியின் தலைமையில் இருபத்தேழு பெண்கள் மரம் வெட்ட வந்தோரை மறித்துத் திருப்பியனுப்பினர். சிப்கோ என உலகறிந்த இவ்வியக்கம் இவ்வாறு பரவிற்று.

இவ்விடத்திலே இலக்கிய மாணவர் என்ற வகையில் ஒன்றைக் குறிப்பிட விரும்புகின்றோம். மரங்களே வெட்டுவோரை நோக்கிப் புலம்புவதாகக் கௌர்தா என்னும் குமாவுனிக் கவிஞர் காலனித்துவக் காலத்திலே பாடினார். 1977இல் நைனிதாலில் வன ஏலத்துக்கு எதிராக இளைஞரும் மாணவரும் கிளர்ந்தபொழுது, கிர்தா எனப்பட்ட கிரீஷ் திவாரி அப்பழைய பாட்டைப் புதுக்கி வீதியிலே பாடினார். முன்னைய கவிஞரிடத்துப் புலம்பலாக இருந்த குரல் பின்னைய கவிஞரிடத்துப் போருக்கு அறைகூவலாயிற்று. பாடுபொருள் ஒன்று, அதனைக் கேட்போரின் அமைப்பு மாறியமையால் உணர்வும் மாறிற்று.

இயக்கத்தின் விளைவு யாது? 1,000 மீற்றருக்கு மேற்பட்ட பகுதிகளில் பச்சைமரம் வெட்டுவதற்குப் பதினைந்தாண்டுத் தடை விதிக்கப்பட்டது. இது வெற்றிதான். ஆனால் மண்டலிலே மக்கள் கேட்டது நுகத்தடிக்கு மரம். உரிமைக் கோரிக்கை பாதுகாப்புக் கோரிக்கையாக மாற்றி விளங்கிக்கொள்ளப்பட்டபொழுது, காடு மக்களிடம் திரும்பி வரவில்லை. ஒப்பந்தக்காரரிடமிருந்து மீண்டும் அரசிடமே சென்றது. இதே காலப்பகுதியிலே, 1976ஆம் ஆண்டு விதிகள், வன பஞ்சாயத்துக்கள்மீது வனத் திணைக்களத்தின் பிடியை இறுக்கின.

9

1980களின் இறுதியிலே பங்குபற்றல் என்னும் தொடர் அரசமொழியுட் புகுந்தது. மேற்கு வங்காளத்து மிதுனாபூர் மாவட்டத்திலுள்ள ஆராபாரியில், அஜித் பானர்ஜி என்னும் வன அதிகாரி 1972இல் தொடங்கிய பரிசோதனை இதற்கு முன்மாதிரியாயிற்று. பதினொரு கிராமங்களின் மக்கள் அழிந்த சாலக் காட்டைக் காத்தனர். விற்பனை வருவாயில் 25 சதவீதம் அவர்களுக்கு உரியதாயிற்று. இடதுசாரி முன்னணி அரசு 1989இல் இதனை மாநிலக் கொள்கையாக்கிற்று. 1990 ஜூன் 1இல் இந்திய மத்திய அரசு கூட்டு வன முகாமைத்துவம் பற்றிய சுற்றறிக்கையை வெளியிட்டது. இது நிச்சயமாக ஒரு முன்னேற்றமே. எனினும் கூட்டு என்ற சொல்லில் இரு தரப்பும் சமமல்ல. நிலம் திணைக்களத்தினுடையது, காவல் கிராமத்தினுடையது, இலாபத்தின் ஒரு பங்கு, மரம் விளைந்த பின்னர், நன்னடத்தைக்குப் பரிசாக மக்களைச் சேரும்.

குமாவுனில் நிகழ்ந்ததோ விசித்திரமானது. 1990களின் பிற்பகுதியிலே உலகவங்கிக் கடனுதவியுடன் நடைமுறைக்கு வந்த திட்டம், ஏற்கெனவே தமக்கென எல்லையும் விதியும் கொண்டிருந்த வன பஞ்சாயத்துக்களையும் கூட்டு முகாமைத்துவத்துக்குள் இழுத்தது. எழுபதாண்டுகளாகத் தம் காட்டைத் தாமே நடத்திவந்தோர் தம் காட்டிலே பங்குபற்றுமாறு அழைக்கப்பட்டனர். கட்டுரையின் தொடக்கத்தில் நாம் குறித்த திருமண வீட்டு உவமை இங்கு உவமையாக இல்லாது உண்மையாகவே நிகழ்ந்துவிட்டது. 2000ஆம் ஆண்டு தனிமாநிலம் அமைந்த பின்னர் 2001இலும் 2005இலும் வெளியான விதிகளும் திணைக்களத்தின் கையை வலுப்படுத்தின. வன பஞ்சாயத்துக்களின் எண்ணிக்கை பல ஆயிரங்களாகப் பெருகியுள்ளது. எண்ணிக்கை பெருகிய அளவுக்கு அதிகாரம் பெருகவில்லை.

கோட்பாட்டு நிலையிலும் இவ்வரலாறு பயனுடையது. பொதுவுடைமை தவிர்க்கவியலாது அழிவுக்கே இட்டுச்செல்லும் என ஹார்டின் 1968இல் வாதிட்டார். எலினோர் ஒஸ்ரம், மக்கள் தாமே வகுத்த விதிகளால் பொதுவளங்களைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தமைக்குப் பல நாடுகளிலிருந்து சான்று காட்டி 1990இல் அதனை மறுத்தார். குமாவுன் ஒஸ்ரத்தின் பக்கமே சாட்சி சொல்கின்றது. ஆயினும் விதிகளின் செம்மை மட்டும் போதுமானதன்று. அவ்விதிகள் எத்தகைய அரசின் கீழ், எத்தகைய வர்க்க சாதி உறவுகளின் நடுவே இயங்குகின்றன என்பதை விடுத்து நிறுவனத்தை மட்டும் ஆராய்வோர் மரத்தைக் கண்டு மலையைக் காணாதோராவர்.

10

இவ்வரலாறு எமக்கு அந்நியமானதன்று. இலங்கையிலே 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிரூபிக்கப்படாத காடு, தரிசு, பயிரிடப்படாத நிலம் அனைத்தும் முடிக்குரியன எனக் கொண்டது. கண்டிப் பிரதேசத்துக் கிராமவாசியின் சேனைக்கும் மேய்ச்சலுக்கும் உரிய காடு இவ்வாறே கோப்பித் தோட்டமாயிற்று. அத்தோட்டத்திலே உழைப்பதற்கெனத் தமிழகத்திலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். காடிழந்த சிங்கள விவசாயியும், நிலமின்றி வந்த தமிழ்த் தொழிலாளியும் ஒரே சட்டத்தின் இரு விளைவுகள். அவர்களை எதிரெதிரே நிறுத்திய அரசியல் இந்த ஒற்றுமையை மறைத்தே வளர்ந்தது. 1907ஆம் ஆண்டு வனக் கட்டளைச் சட்டத்திலும் கிராமக் காடு என்ற பிரிவு இருந்தது என்பதையும், சட்டத்தில் இருப்பது வேறு, வாழ்வில் இருப்பது வேறு என்பதையும் இங்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

இந்தியாவில் 2006ஆம் ஆண்டு நிறைவேறிய வனவுரிமைச் சட்டம், காட்டில் வாழ்வோருக்கு இழைக்கப்பட்டது வரலாற்று அநீதி என வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. ஒடிசாவின் நியம்கிரி மலையிலே 2013இல் பன்னிரண்டு கிராமசபைகள் கூடிப் பொக்சைற்றுச் சுரங்கத்தை ஒருமுகமாக நிராகரித்தன. அங்கு மக்கள் எவருடைய திட்டத்திலும் பங்குபற்றவில்லை, தீர்ப்பு வழங்கினர். பங்குபற்றலுக்கும் உரிமைக்குமுள்ள வேறுபாடு இதுவே. ‘மாட்டேன்’ என்று சொல்லும் அதிகாரம் எங்கு உண்டோ அங்குதான் ‘ஆம்’ என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு.

குமாவுன் வரலாற்றிலிருந்து நாம் பெறுவன இரண்டு. மக்களுக்குக் காட்டின்மீது கிடைத்த உரிமை எதுவும் போராட்டமின்றிக் கிடைக்கவில்லை என்பது ஒன்று. பெற்ற உரிமை கிராமத்தின் உள்ளே நிலமற்றோருக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் பெண்களுக்கும் சென்று சேராதவிடத்து, அது மேலிருந்து எளிதாகப் பறிக்கப்படும் என்பது மற்றொன்று. டுங்ரி பைந்தோலியில் ஆண்கள் விற்க முனைந்த காட்டைப் பெண்கள் காத்தமை தற்செயலன்று. சுமந்தவரே அதன் பெறுமதியை அறிந்திருந்தனர். காட்டைப் பற்றிய எந்தத் திட்டத்தையும் மதிப்பிடுவதற்கு அந்தப் பெண்களின் முன்னே அதனை வைத்து வாசித்துக்காட்டுவதைவிடச் சிறந்த உரைகல் எமக்குத் தெரியவில்லை.